எட்டால் வகுத்த கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வாரம் நம் செயலாளர் போன் செய்தார். "பத்து நிமிஷம் பேசணும். பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க, பழைய கதையே வேண்டாம்" என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அம்பத்தூரிலும் திருமழிசையிலும் பழைய மெஷின்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். பழைய கதையை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஆகவே ஒரு சமரசம் செய்துகொண்டேன். கதை பழையது. அதற்குள் இருக்கிற கணக்கு இன்றைக்கும் வேலைக்கு ஆகிற கணக்கு.

கணக்கு இதுதான். பழைய கம்ப்யூட்டர் சாதனங்களில் தகவல் என்ன வேகத்தில் போகிறது, அந்த வேகத்தை ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு எப்படி மாற்றுவது என்பது. "இதென்ன சார் பெரிய விஷயம், எட்டால் வகுத்தால் தீர்ந்தது" என்று முன் வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் வகுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நம் பகுதியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. பாடியிலிருந்து பூந்தமல்லி தாண்டித் திருமழிசை வரைக்கும், பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் வரிசையாக முளைத்தன. இன்றைக்கு அதே அம்பத்தூரில் பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. அங்கே கிகாபிட் கணக்கில்தான் பேச்சு. இரண்டு தெரு தள்ளித் தகரக் கூரைப் பட்டறைக்குள் போனால், முப்பது வயதான சி.என்.சி. மெஷின் ஒன்று இன்னமும் வினாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும். அது நின்றால் அந்தப் பட்டறையில் நாலு குடும்பத்துக்குச் சம்பளம் நிற்கும். ஆகவே பழசு என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி கதைக்கு வருகிறேன்.

1999-ஆம் ஆண்டு. நான் ஒரு மோல்டு செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். தவறு பட்டறையுடையது அல்ல, என்னுடையது. பிளாஸ்டிக் மூடி ஒன்றுக்கு எஃகு மோல்டு. கடைசி ஃபினிஷிங் மட்டும் பாக்கி. புரோகிராம் ஒரு ஃப்ளாப்பி நிறைய வந்தது, 14,40,000 எழுத்து. மெஷினின் நினைவகமோ மிகச் சின்னது. அந்தக் காலத்துக் கண்ட்ரோலர் புத்தகங்களில் நினைவகத்தை மீட்டரில் போட்டிருப்பார்கள் என்றால் இன்றைய மாணவர்கள் சிரிப்பார்கள். உண்மைதான். 80 மீட்டர் நினைவகம் என்று எழுதியிருக்கும். அது துளைபோட்ட காகித நாடாவின் நீளம். ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. அப்படியானால் ஒரு மீட்டருக்குச் சுமார் 394 எழுத்து. 80 மீட்டருக்குச் சுமார் 31,500 எழுத்து. நாடா போய்ச் சிப் வந்த பிறகும் அலகு மட்டும் மீட்டராகவே தங்கிவிட்டது.

14 லட்சம் எழுத்தை 31 ஆயிரத்துக்குள் அடைக்க முடியுமா? முடியாது. ஆகவே கம்ப்யூட்டரிலிருந்து ஆர்.எஸ். 232 கேபிள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவோம். மெஷின் வாங்கிக்கொண்டே வெட்டும், வெட்டிக்கொண்டே வாங்கும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. கை தாமதித்தால் வாய் காத்திருக்கும்.

நான் கணக்குப் போட்டேன். கேபிளில் வேகம் வினாடிக்கு 9,600 பிட். எட்டுப் பிட் ஒரு எழுத்து. 9,600-ஐ எட்டால் வகுத்தால் 1,200 எழுத்து. 14,40,000 எழுத்தை 1,200-ஆல் வகுத்தால் 1,200 வினாடி, அதாவது 20 நிமிஷம். வெட்டுவதற்கு எவ்வளவு நேரம்? ஒவ்வொரு வரியும் 24 எழுத்து, ஆக 60,000 வரி. ஒரு வரிக்குக் கட்டர் கால் மில்லிமீட்டர் நகரும். மொத்தம் 15,000 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் 25 நிமிஷம். ஊட்ட 20 நிமிஷம், வெட்ட 25 நிமிஷம். ஊட்டுகிற கை முந்துகிறது, ஆகவே கவலையில்லை என்று பட்டனை அழுத்தினேன்.

மெஷின் ஓடியது. ஆனால் சத்தம் சரியில்லை. ஒரு சீராக உறுமவேண்டியது, விக்கி விக்கி உறுமியது. முடிந்த பிறகு துடைத்துப் பார்த்தால் பளபளவென்று இருக்கவேண்டிய பரப்பில் சின்னச் சின்ன வடு. கட்டர் எங்கெல்லாம் அடுத்த வரி வராமல் நின்றதோ, அங்கெல்லாம் எஃகில் ஒரு தழும்பு. கட்டர் ஓடிக்கொண்டே வெட்டும்போது வெட்டும் விசையால் இம்மியளவு வளைந்திருக்கும். நின்றால் அந்த விசை தளரும், கட்டர் நிமிரும், நிமிர்ந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டும். அதுதான் அந்த வடு.

முதலாளி திட்டவில்லை. மோல்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணக்கு போட்டேன்னு சொன்னியேப்பா" என்றார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. மறுபடி வெல்டிங் வைத்து, மறுபடி வெட்டி, கையால் பாலிஷ் போட்டு ஒப்படைக்க இரண்டு வாரம் தாமதம்.

தவறு எங்கே? அன்பர்களே, அந்தக் கேபிளில் ஒரு எழுத்து எட்டுப் பிட்டாகப் போகவில்லை. பதினொரு பிட்டாகப் போனது. "இதோ வருகிறது" என்று சொல்ல ஒரு பிட். எழுத்து ஏழு பிட். பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிட். "முடிந்தது" என்று சொல்ல இரண்டு பிட். ஒன்று, ஏழு, ஒன்று, இரண்டு: ஆகப் பதினொன்று. 9,600-ஐ 11-ஆல் வகுத்தால் வினாடிக்கு 873 எழுத்துதான் வரும், 1,200 வராது. 14,40,000 எழுத்தும் வந்து சேர 27 1/2 நிமிஷம். வெட்ட 25 நிமிஷம்.

இடைவெளி வெறும் இரண்டரை நிமிஷம். ஒரு டீ குடிக்கிற நேரம். ஆனால் அந்த இரண்டரை நிமிஷம் ஒரே இடத்தில் மொத்தமாக வரவில்லை. அறுபதாயிரம் வரியிலும் சிதறி விழுந்து, மோல்டு முழுக்க அம்மைத் தழும்பு போட்டுவிட்டது.

இந்த மேடையில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சாதனத்தின் மேல் எழுதியிருக்கும் வேகம், கம்பியில் போகிற எல்லாவற்றையும் எண்ணுகிறது. நமக்கு வேண்டியதை மட்டும் அது எண்ணுவதில்லை. ஆகவே வகுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இது பிட்டா, பைட்டா?

நம் பாட்டிமார் வீட்டில் ஆழாக்கும் படியும் இருந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரண்டிரண்டாகப் பெருகுகிற கணக்கு நம் அடுப்படியிலேயே இருந்தது. பிட் என்பது ஆழாக்கு, பைட் என்பது படி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைச் சொல்லும்போது தொலைபேசிக்காரர்களும் நெட்வொர்க்காரர்களும் ஆழாக்கில் சொல்வார்கள். டிஸ்க்கு செய்கிறவர்களும் சாஃப்ட்வேர்க்காரர்களும் படியில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினால் சின்ன 'பி' பிட், பெரிய 'பி' பைட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'பி'. அதனால்தான் சொல்கிறேன், சுருக்கி எழுதாதீர்கள். மெகாபிட், மெகாபைட் என்று முழுசாக எழுதுங்கள்.

வீட்டில் 100 மெகாபிட் இணைப்பு வாங்கிவிட்டு, "கம்ப்யூட்டரில் 12 என்றுதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறான்" என்று சண்டைக்குப் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். 100-ஐ எட்டால் வகுத்தால் 12 1/2. யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் ஆழாக்கில் விற்கிறார், இன்னொருவர் படியில் அளக்கிறார்.

இரண்டாம் கேள்வி: இது நெல்லா, அரிசியா?

நான் தவறிய கேள்வி இதுதான். பூந்தமல்லிக்கு மேற்கே இன்னமும் வயல் வைத்திருக்கிற நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், வண்டியில் ஏறுவது நெல், உலையில் விழுவது அரிசி. நெல்லை அரைத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி. உமியும் தவிடும் வீண் என்று சொல்ல முடியாது. உமி இல்லாமல் அரிசி விளையாது. அதுபோலவே கம்பியில் வருகிற தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் வீண் இல்லை. அவை இல்லாவிட்டால் எங்கே எழுத்து தொடங்குகிறது என்றே மெஷினுக்குத் தெரியாது. ஆனால் சோற்றுக் கணக்கில் அவற்றைச் சேர்க்கக் கூடாது.

இந்த உமி எல்லாப் பழைய சாதனத்திலும் உண்டு. மாணவர்கள் கேட்டுக்கொண்டபடி, நான் பலகையில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

டெலிபிரிண்டர்: வேகம் 50. ஓர் எழுத்துக்கு 7 1/2 பிட் நேரம். வினாடிக்கு 6 2/3 எழுத்து, நிமிஷத்துக்கு 400 எழுத்து. (தந்தி ஆபீசில் இது தடதடவென்று அடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது.)

சீரியல் கேபிள், 9,600 பிட்: எட்டு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு முடிவுப் பிட் என்று வைத்தால் எழுத்துக்குப் பத்துப் பிட், வினாடிக்கு 960 எழுத்து. என் மெஷின் போல வைத்தால் 873.

மூன்றரை அங்குல ஃப்ளாப்பி: தலைப்பகுதியில் வேகம் வினாடிக்கு 5,00,000 பிட். எட்டால் வகுத்தால் 62,500 பைட். ஆனால் ஒரு சுற்றில் 18 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், வினாடிக்கு 5 சுற்று. பெருக்கினால் 46,080 பைட்தான். மீதி எங்கே? செக்டருக்குச் செக்டர் விடுகிற இடைவெளியிலும், முகவரியிலும் போய்விட்டது.

பழைய எம்.எஃப்.எம். ஹார்ட் டிஸ்க்: வினாடிக்கு 50,00,000 பிட். எட்டால் வகுத்தால் 6,25,000 பைட். சுற்றுக்கு 17 செக்டர், செக்டருக்கு 512 பைட், வினாடிக்கு 60 சுற்று: 5,22,240 பைட்.

"இதெல்லாம் மியூசியத்துக்குப் போன சாமான் ஆச்சே" என்பீர்கள். முதல் தலைமுறை சாட்டா டிஸ்க்கைப் பாருங்கள். வேகம் 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187 1/2 மெகாபைட் வரவேண்டும். பெட்டியில் 150 மெகாபைட் என்றுதான் போட்டிருப்பார்கள். ஏன்? அங்கே எட்டுப் பிட்டைப் பத்துப் பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். ஆகவே பத்தால் வகுக்க வேண்டும். சீரியல் கேபிளில் படித்த பாடம் சாட்டாவிலும் அப்படியே வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் 'பாட்' என்கிற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தந்திக் கருவி செய்த பிரெஞ்சுக்காரர் எமில் போடோவின் பெயரால் வந்த அலகு அது. கம்பியில் ஒரு வினாடிக்கு எத்தனை முறை குறி மாறுகிறது என்பதே பாட். மெஷினுக்குப் போகும் கேபிளில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட்; ஆகவே அங்கே பாட்டும் பிட்டும் ஒன்றே. டெலிபோன் மோடத்தில் அப்படியில்லை. 2,400 பிட் மோடம் கம்பியில் 600 பாட்தான் மாறும். ஒரு மாற்றத்தில் நாலு பிட்டை ஏற்றிவிடும். ஒரே பஸ், நாலு பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை எண்ணினால் பாட், ஆளை எண்ணினால் பிட். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது கடைத்தெருவில் பரவாயில்லை, கணக்கில் ஆகாது.

1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். இணையச் சேவை தொடங்கியபோது சென்னையும் அதில் ஒன்று. அன்றைய டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். "கீ...ங்" என்று மோடம் கத்துவதைக் கேட்டு வீட்டில் பயந்தவர்கள் இங்கே உண்டு. ஒரு மெகாபைட் ஃபைலை இறக்க, பத்தால் வகுத்தால் சுமார் 18 நிமிஷம். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து. அந்தக் காலத்தில் நாங்கள் பொறுமைசாலிகளாக இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வி: கிலோ என்றால் எவ்வளவு?

ஆயிரமா, 1,024-ஆ? பழைய காலத்தில் படி என்பது எல்லா ஊரிலும் ஒரே படி இல்லை. பட்டணம் படி ஒரு அளவு, கிராமத்துப் படி வேறு அளவு. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை படிப்படியாகப் பரவிய பிறகுதான் அந்தச் சச்சரவு ஓய்ந்தது. கம்ப்யூட்டரில் அந்தச் சச்சரவு இன்னும் ஓயவில்லை. கம்பியில் போகிற வேகத்தில் கிலோ என்றால் எப்போதும் ஆயிரம்தான். 64 கிலோபிட் என்றால் 64,000 பிட். நினைவகச் சிப்பில் கிலோ என்றால் 1,024. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1,024-க்குக் கிபி, 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கினால் மெபி என்று 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் புதுப் பெயர் வைத்தது. பெயர் வந்தது, பழக்கம் முழுக்க மாறவில்லை.

நாம் எல்லோரும் கையில் வைத்திருந்த 1.44 ஃப்ளாப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. இதை 10,00,000-ஆல் வகுத்தால் 1.47. 10,48,576-ஆல் வகுத்தால் 1.41. அப்படியானால் 1.44 எங்கிருந்து வந்தது? 1,000-ஐ 1,024-ஆல் பெருக்கி அதால் வகுத்தால் 1.44. ஒரு கையில் பட்டணம் படி, மறு கையில் கிராமத்துப் படி! இத்தனை வருஷம் அந்த எண்ணை அச்சடித்து விற்றார்கள், நாமும் வாங்கினோம்.

சி.டி.ரோமிலும் இதே கதை. ஒற்றை வேகம் 150 கிலோபைட் என்பார்கள். வினாடிக்கு 75 செக்டர், செக்டருக்கு 2,048 பைட். பெருக்கினால் 1,53,600. அது 1,024-ஆல் வகுத்தால் வருகிற 150. கிலோ அளவில் இந்த வித்தியாசம் நூற்றுக்கு 2.4. மெகாவில் கிட்டத்தட்ட 5. கிகாவில் 7-க்கு மேல். டெராவில் கிட்டத்தட்ட 10. சின்ன எண்ணில் பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பெரிய எண்ணில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

சரி, மூன்று கேள்வியையும் மறக்காமல் கேட்பது எப்படி? ஒரே வழிதான் தெரியும். வெறும் எண்ணை எழுதாதீர்கள். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அலகை எழுதுங்கள். நம் முதலாம் ஆண்டு ஆசிரியர், விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் அரை மார்க் குறைப்பார். அன்றைக்கு அவரைக் கடுமையானவர் என்று திட்டினோம். அந்த அரை மார்க்கின் மதிப்பு எனக்கு 1999-ல்தான் தெரிந்தது.

இப்படி எழுதிப் பாருங்கள். கம்பியில் வினாடிக்கு 9,600 பிட். எழுத்துக்கு 11 பிட். பிட்டையும் பிட்டையும் அடித்தால் வினாடிக்கு 873 எழுத்து. வரிக்கு 24 எழுத்து. எழுத்தையும் எழுத்தையும் அடித்தால் வினாடிக்குச் சுமார் 36.4 வரி. வரிக்கு 0.25 மில்லிமீட்டர். வரியையும் வரியையும் அடித்தால் வினாடிக்கு 9.1 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 60 வினாடி. ஆக நிமிஷத்துக்குச் சுமார் 545 மில்லிமீட்டர். நான் கேட்டதோ 600. வராது என்பது ஒரு தாளில் தெரிந்திருக்கும். அலகை எழுதியிருந்தால், "எழுத்துக்கு எத்தனை பிட்?" என்று என் பேனாவே என்னைக் கேட்டிருக்கும். நான் எழுதாததால் அது கேட்கவில்லை.

கதை முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மோல்டைச் சரிசெய்து மறுபடி வெட்ட வேண்டும். நான் வேகமான கேபிளுக்கும் புது கார்டுக்கும் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டறையில் மெஷின் ஓட்டிய அண்ணன் ஒருவர், எட்டாவது வரை படித்தவர். என் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்க்ரீனைப் பார்த்தார். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரி எண் இருந்தது. ஓர் எழுத்தும் ஐந்து இலக்கமும், ஆக ஆறு எழுத்து.

"தம்பி, இந்த நம்பர் எதுக்கு?"

"வரி எண் அண்ணே. எத்தனாவது வரின்னு தெரியறதுக்கு."

"யாருக்குத் தெரியறதுக்கு? மெஷினுக்கா, உனக்கா?"

"எனக்குத்தான்."

"உனக்குத் தெரியணும்னா உன் தாள்ல வச்சுக்க. அதை எதுக்கு அதுங்கிட்ட படிச்சுக் காட்டற?"

நான் வாயடைத்துப் போனேன். வரிக்கு 24 எழுத்தில் ஆறு எழுத்து வீண் சுமை. அதை எடுத்துவிட்டால் வரிக்கு 18. வினாடிக்கு 48 வரிக்கு மேல். நிமிஷத்துக்கு 727 மில்லிமீட்டர் வரை தாங்கும். கேட்டது 600. பைசா செலவில்லாமல் தீர்ந்தது. இரண்டாம் முறை மெஷின் விக்கவில்லை. வெட்டி முடித்த பரப்பை அண்ணன் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சொல்லு, கணக்கு போட்டேன்னு" என்றார். உமியைப் பற்றி நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் புடைத்தே காட்டிவிட்டார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போகிற பட்டறைகளில் பழைய மெஷினுக்கு ஃப்ளாப்பிக்குப் பதில் பென்டிரைவ் சொருகுகிற பெட்டியும், சீரியல் கேபிளுக்கு யு.எஸ்.பி. மாற்றியும் வைத்திருப்பார்கள். பெட்டியில் 480 மெகாபிட் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், கடைசியில் நுழைகிற சந்தின் அகலம்தான் லாரியின் வேகம். அந்த மெஷினுக்குள் போகிற கடைசி மூன்றடிக் கம்பி இன்னமும் 9,600-தான்.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் தொழிற்சாலையில் பழைய மெஷின் இருந்தால், அதன் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டுங்கள். வேகம் எவ்வளவு, டேட்டா பிட் எத்தனை, பாரிட்டி எது, முடிவுப் பிட் எத்தனை, நினைவகம் எத்தனை மீட்டர், அது எத்தனை எழுத்து என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். அந்த மெஷினைப் பொருத்தியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவர்கள் தலையில் இருக்கும் நாலு எண்ணும் அவர்களோடு போய்விட்டால், பின்னால் வருகிற பையன் என்னைப்போல எட்டால் வகுப்பான். அந்த அட்டையை எழுத அரைமணி நேரம் ஆகும். எனக்கு ஆன செலவு இரண்டு வாரம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிஷம். அதில் வணக்கமும் முன்னுரையும் எவ்வளவு, விஷயம் எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.